எட்டாம் மெட்டு

நாஷ்வில். பிப்ரவரி. காலை பத்து மணி.
மூன்று மணி நேரத்தில் நான்கு பாட்டு என்று ஒப்பந்தம்.
தாளில் எண்கள் மட்டும்:
ஒன்று, நான்கு, ஒன்று, ஐந்து.
இங்கே சுரத்தின் பெயரை எழுதுவதில்லை.
பாடுகிறவளின் தொண்டை
எந்த நேரத்தில் எவ்வளவு இறங்கும் என்று
யார் கண்டது?

இறங்கியது.
ஆர்டித் ப்ரூயிட்டுக்குச் சளி.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
எலுமிச்சைத் துண்டைக் கடித்தபடி
அரைக் கட்டை குறைக்கலாமா என்றாள்,
கடன் கேட்கிற குரலில்.
மூன்றிலிருந்து இரண்டரை.
பியானோவில் டாயில் தலையை ஆட்டிவிட்டு
சூயிங்கத்தை இடக்கன்னத்துக்கு மாற்றினார்.
அவருக்கு அவ்வளவுதான் அது.

எனக்கோ ஆறில் நான்கு கம்பிகள்
ஒரே நொடியில் அந்நியமாகிவிட்டன.
மூன்று கட்டையில் வெறும் கம்பிகள் தாமே பாடும்,
நான் தட்டினால் போதும்;
பத்து வருடம் கண்காட்சி மேடைகளில்
அப்படித்தான் பிழைத்தேன்.

கழுத்தில் மாட்டும் கவ்வி
கோட்டுப் பையில்.
கோட்டு, க்ளீட்டஸின் லாரியில்.
லாரி, நாக்ஸ்வில் சாலையில் எங்கோ
கணவனோடு போய்க்கொண்டிருக்கிறது.

"வெல்டா, தயாரா?"
தயார் என்றேன்.
இந்தத் தொழிலில் முதலில் படிய வேண்டிய பொய் அது.

விரல் ஐந்தாம் மெட்டின் புள்ளிக்குப் போனது,
ஏழுக்கு, ஒன்பதுக்கு,
தெரிந்த நிறுத்தங்களில் மட்டுமே
இறங்கிப் பழகியவளைப் போல.
எட்டில் புள்ளி கிடையாது.
இரண்டு கோடு, நடுவில் கறுத்த மரம்.
அங்கே சுட்டுவிரலை
மூன்று கம்பிகளின் மேல் படுக்கவைத்தேன்.
ஒன்று.

அது கிடந்தபடி கிடக்க
இன்னும் இரண்டு விரல்கள்
ஒன்பதிலும் பத்திலும் வந்து உட்கார்ந்தன.
நான்கு.
ஐந்து எங்கே?
எட்டு, ஏழு, ஆறு என்று சாய்ந்த படிக்கட்டாய்
பக்கத்திலேயே இருந்தது.

ஆறுக்கும் பத்துக்கும் இடையில்,
ஒரு தபால் உறையின் அகலத்துக்குள்,
முழுப்பாட்டும் குடியிருந்திருக்கிறது.
நான் மேலேயும் கீழேயும் ஓடி
வாடகை கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பழக்கதோஷத்தில் தடித்த கம்பியையும் தொட்டேன்.
பாஸ் வாசித்த எர்வின்
என்னைப் பார்க்காமலே சொன்னான்:
"அது என் சம்பளம்."
விட்டுவிட்டேன்.

ஆர்டித் மூச்செடுக்கும் இடத்தில்
விரலை எடுக்காமல் தளர்த்தினேன்.
கம்பி, மரத்தைத் தொட்டும் தொடாமலும்
வாயைப் பொத்திக்கொண்டது.

இரண்டாவது சரணம் உயரத்தில் வேண்டும் என்றார்கள்.
ஐந்தாக இருந்த அதே படிக்கட்டைத் தூக்கி
ஐந்து மெட்டு மேலே வைத்தேன்.
பதின்மூன்று, பன்னிரண்டு, பதினொன்று.
அங்கே அதன் பெயர் ஒன்று.
அட, என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்,
அதற்காக ஒரு முறை மீண்டும் வாசிக்கவேண்டி வந்தது.

அன்றிரவு அடுப்படியில் விளக்கைப் போடாமல்,
புள்ளிகள் கண்ணில் படாதபடி உட்கார்ந்து
கழுத்து முழுக்க விலாசம் தேடினேன்.
"யாரது?" என்றான் க்ளீட்டஸ், கோட்டோடு வாசலில்.
அதன்பின் கவ்வியை ஒழித்துவிட்டேன்
என்று சொல்ல ஆசைதான்.
இல்லை. இன்னொன்று வாங்கினேன்,
காரிலேயே கிடக்கட்டும் என்று.

அக்டோபரில் பல் வைத்தியரின் நாற்காலி.
வாய் நிறையப் பஞ்சு.
சுவரிலிருந்த ரேடியோவில் ஆர்டித்,
சளி இருந்ததே தெரியவில்லை.
என் இடதுகை, நாற்காலிப் பிடியில்,
சுட்டுவிரலைத் தானாகப் படுக்கவைத்தது.
வலிக்கிறதா என்றார் வைத்தியர்.
தலையசைக்கவும் முடியவில்லை.

பாடியவள் பெயரைச் சொன்னார்கள், எழுதியவர் பெயரையும்.
ஆனால் மூன்றாவது சரணத்தில்
ஒரு தட்டு, மயிரிழை தாமதம்,
யாரும் கண்டுபிடிக்காமல் அச்சாகிவிட்டது.

அது நான்.