ஒன்றுக்கு எண்பத்தேழு

மாதத்தின் முதல் சனிக்கிழமை
பைன்டவுன் தேவாலயத்துக் கூடத்தில்
மடக்கு மேசைகள் மேல் எஞ்சின்கள்
மீன்கடைபோல் ஒருக்களித்துக் கிடக்கும்.
நாற்பது ஆண்கள். நான்.
தேநீர் எங்கே என்று என்னிடம்தான் கேட்பார்கள்.
முதல் வருடம் கை காட்டினேன்.
இப்போதெல்லாம், "தெரியாது.
அந்த டீசல் என்ன விலை?"

வாங்கத் தெரிய வேண்டும்.
சக்கரத்தை விரலால் சுழற்றக் கூடாது, பல் போகும்.
மோந்து பார்க்கலாம்:
இறுகிய எண்ணெய்க்குப் பழைய சீப்பின் வாடை,
கருகிய மோட்டார் வேறு மாதிரி.
அட்டைப்பெட்டி இருந்தால் ஒரு விலை,
அதற்குள் சீட்டும் இருந்தால் இன்னொன்று.
ஆசை முகத்தில் தெரிந்தால்
ஐந்நூறு ராண்ட் ஏறிவிடும்.
அதனால் வேண்டாததை முதலில் தூக்கிப்
பார்த்து உதட்டைப் பிதுக்குவேன்.

தயாளனிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்,
கேரட் வாங்கப் போகிறேன் என்று.
பொய்யில்லை.
கேரட் ஓர் எஞ்சின்.
நடுவில் கொதிகலன், முன்னும் பின்னும்
தனித்தனிச் சக்கரக் கூட்டம்,
இருவர் சுமக்கும் பல்லக்கு அது.
வளைவுகளில் இடுப்பை ஒடித்துத் திரும்பும்.
ஹெர்கஸ் மேசையில் இருந்தது
பித்தளையில் கையால் கட்டியது,
ஒரு பக்க பஃபர் இல்லாமல்.

பதினாலாயிரம் என்றார்.
"உங்கள் குடும்பத்தில் யாராவது ரயில்வேயா?"
இல்லை. சர்க்கரை ஆலை.
நான் நகராட்சியில் தண்ணீர் பில்.
"பின்னே ஏன்?"
அதற்கு என்னிடம் என்றும் பதில் இருந்ததில்லை.
"பஃபர் இல்லையே," என்றேன்.
பதினொன்றரைக்கு இறங்கினார்.
கூடவே ஒரு பயணிப் பெட்டியைத் தள்ளினார்,
இலவசம், ஜோடி பிரியக் கூடாதாம்.

சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கார்
வெளியில் நனையும்.
கராஜ் முழுக்கத் தண்டவாளம்.
ஒன்றுக்கு எண்பத்தேழு அளவில்
ஆள் இரண்டு சென்டிமீட்டர்,
நாய் ஓர் அரிசி,
எழுத்து வெறும் வெள்ளைக் கீறல்.
கதவுக்கு மேல் அப்படி ஒரு கீறல்.
லென்ஸைத் தேடினேன்.
கையில் கிடைப்பதற்குள் படித்துவிட்டேன்,
இரண்டு மொழியிலும்:
வெள்ளையருக்கு மட்டும்.

ஸ்பிரிட் ஒரு சொட்டு, பஞ்சுக்குச்சி, போய்விடும்.
போனால் விலையில் பாதியும் போகும்.
ஜெரால்ட் படையாச்சிக்குப் போன் செய்தேன்.
"அசலைத் தொடாதே" என்று வைத்தவன்
கொஞ்ச நேரத்தில் தானே அழைத்தான்,
"யாருக்கும் காட்டாதே."

தயாளன் குனிந்து பார்த்தார்.
"பதினோராயிரத்து ஐந்நூறுக்கு இதுவுமா?"
"இது இலவசம்."
அவர் சிரித்த சிரிப்பு
எனக்குப் பிடிக்கவில்லை.

வண்ணமில்லாத ஆட்கள் ஒரு பை இருந்தது.
பழுப்பு கலந்தேன். சரியாக வரவில்லை,
காப்பிப் பொடியைப் பக்கத்தில் வைத்து
மறுபடி கலந்தேன்.
ஒருத்திக்கு மஞ்சள் சேலை.
கை நடுங்கி ஒருவனுக்கு
மீசை காதுவரை போயிற்று.
கூரையைக் கழற்றிப்
பன்னிரண்டு பேரை உட்கார வைத்தேன்.
எழுத்தைத் தொடவில்லை.
இது நியாயமா, பொம்மை விளையாட்டா,
ஹெர்கஸ் பார்த்தால் என்ன சொல்வார்,
என்ன விலை சொல்வார்,
ஒன்றும் தெரியவில்லை.

ஓடவிட்டேன்.
நிலையத்துக்கு அப்பால் வளைவில்
கேரட் தடம் புரண்டு நின்றது.
மலைக்கென்று பிறந்த எஞ்சினுக்கு
என் கராஜ் போதவில்லை.
வளைவு பதினெட்டு அங்குலம்,
அதற்குக் குறைந்தது இருபத்துநாலு வேண்டும்.
நிலையத்தைப் பிடுங்க வேண்டும்.
சலவை இயந்திரம் நகர வேண்டும்.

அளவு நாடாவை இழுத்தபோது மணி எட்டு,
எங்கள் தெருவின் மின்வெட்டு முறை.
இருட்டில் பெயின்ட் வாசனை,
அதற்குள் பன்னிரண்டு பேர்
இன்னும் காயாமல்.

தயாளன் டார்ச்சோடு வந்து
நாடாவின் மறுமுனையைப் பிடித்தார்.
"சலவை இயந்திரத்தை எங்கே வைப்பதாக உத்தேசம்?"
"வெளியில்," என்றேன்,
"காருக்குத் துணையாக."