பார்சிக் சுரங்கம்

ஒரு பூரண்போளி முந்நூற்று முப்பது.
நெய் தடவினால் முந்நூற்று எழுபத்தைந்து.
எவ்வளவு நெய் என்று
சுலபா தாயியிடம் கேட்க முடியாது.

டோம்பிவ்லி எட்டு பதினாலு ஃபாஸ்ட்.
மூன்று பேர் உட்காரும் பலகையின் விளிம்பில்
நான்காவது சீட் எனக்கு.
பாதி உடம்பு உட்கார்ந்தும் பாதி நின்றும் வந்தவள்
பதினொரு கிலோ குறைந்த பிறகு
முழுசாக உட்கார்ந்து வந்தேன்.
அதைச் சந்தோஷம் என்றுதான் சொல்லவேண்டும்.

மஸ்ஜித் பந்தரில் ஜவுளிக் கடை ஒன்றுக்குக் கணக்கு எழுதுகிறேன்.
இருபது பைசா இடித்தாலும்
அன்றைய பேரேட்டை மூடாமல் கிளம்பமாட்டேன்.
அந்தப் புத்தியை அப்படியே
வாய்க்குக் கொண்டுவந்ததுதான் பிழை.

ஆயிரத்து இருநூறு. அவ்வளவுதான் வரவு.
காலை போஹா நூற்றெண்பது. டீ நாற்பது.
டீயில் சர்க்கரை போட்டது யார்?
இருமல் மருந்து ஒரு மூடி பதினாறு.
பிள்ளையார் கோயில் தேங்காய்ச் சில்லை
உள்ளங்கையில் வைத்து எடை பார்த்து நின்றேன்.
நான் உருகி நிற்கிறேன் என்று நினைத்து
குருக்கள் இன்னொரு சில் வைத்தார்.

ராத்திரி இரண்டு மணிக்கு விழித்து
ரசத்தில் கிடந்த கறிவேப்பிலையை
மென்றேனா துப்பினேனா என்று யோசித்திருக்கிறேன்.
எண்ணுவதற்கும் எண்ணுவதற்கும்
நம்மிடம் ஒரே சொல்.
எண்ணெயில்கூட முதலில் வந்து நிற்பது எண்.

'கிதி பாரிக் ஜாலீஸ்' என்பார்கள் பெட்டியில்.
எவ்வளவு இளைத்துவிட்டாய் என்று அர்த்தம்.
என் காதில் விழுந்தது
'எவ்வளவு' மட்டும்.

அந்த மார்கழியில் நேத்ரா, அப்போது எட்டு வயது,
தட்டோரம் பட்டாணியை வரிசையாக அடுக்கி
பத்தோடு நிறுத்திக்கொண்டாள்.
போதும்மா, என் கணக்கு முடிஞ்சுது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு
எடை மெஷின்மேலேயே உட்கார்ந்திருந்தேன்.
அது ஏதோ ஓர் எண்ணைக் காட்டி
கொஞ்ச நேரத்தில் தானே அணைந்தது.

ஹோலி முடிந்து இரண்டாம் நாள்
சுலபா தாயி டப்பாவைத் திறந்தார்.
வேண்டுமா என்று கேட்கவில்லை.
கால் பங்கு கிழித்து என் கையில் வைத்துவிட்டார்.
வெல்லம், ஜாதிக்காய், விரலெல்லாம் நெய்.
மற்றக் கையால் போனில் தேடினேன்.
திவா தாண்டியிருந்தது.
சின்ன வட்டம் ஒன்று சுழன்றுகொண்டிருக்கையில்
வண்டி பார்சிக் மலைக்குள் புகுந்தது.

சிக்னல் போயிற்று.
ஜன்னல்கள் கறுத்தன.
சக்கரங்களின் சத்தம் பெட்டிக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது.
கையில்
எண் இல்லாத ஒரு துண்டு.

தின்றேன்.
முதல் கடி பயம்தான், பொய் சொல்வானேன்.
இரண்டாவதில், சரியாக அரைபடாத
கடலைப்பருப்பு ஒன்று
முழுசாக நாக்கில் உருண்டது.
மூன்றாவது இருந்ததா, நினைவில்லை.

வெளிச்சம் வந்தது. தாணேயில் இறங்குகிறவர்கள் எழுந்தார்கள்.
அளவைத் தேர்ந்தெடுக்கவும் என்றது போன்.
நான் விரலை நக்கிக்கொண்டிருந்தேன்.

அன்றே எல்லாம் சரியாகிவிடவில்லை.
ராத்திரி, கால் பங்குக்குத் தொண்ணூற்று நான்கு என்று
தானாகவே வகுத்துவிட்டது மனசு.
ஒரு சப்பாத்தியைக் குறைத்தேன்.

ஆனால் அடுத்த வாரத்திலிருந்து
திவா தாண்டியதும் என் டப்பாவைத் திறந்தேன்.
அந்த ஒன்றரை நிமிடத்தில் தின்றதை
எங்கேயும் ஏற்றவில்லை.
ஒரு பிடி நிலக்கடலை. ஒருநாள் பாதி வாழைப்பழம்.
பேரேட்டில் ஒரு வரி காலியாகக் கிடந்தது.
இடித்தது.
இடிக்கட்டும்.

இப்போது ஃபாஸ்ட் வண்டிகள் அந்தச் சுரங்கத்தில் நுழைவதில்லை.
பாதையை மாற்றிவிட்டார்கள்.
மும்ப்ரா வழியாகப் போகிறோம்,
முழு சிக்னலோடு.

திவா தாண்டியதும் கண்ணை மூடிக்கொள்கிறேன்.
தூங்குகிறேன் என்று நினைத்து
தோளில் தட்டுகிறார் சுலபா தாயி.
என்னவென்று பார்க்காமல் கையை நீட்டுகிறேன்.
சில நாள்
பார்த்துவிடுகிறேன்.