தலைக்கு இவ்வளவு

வியாழன் பகல் இரண்டு மணிக்கு
டொலீடோ நகராட்சியின் எட்டாவது மாடியில்
டெண்டர் பெட்டியை மூடிவிடுவார்கள்.
அசல் ஒன்று, நகல் ஐந்து.
புதன் இரவு பதினொன்றரைக்கு
எங்கள் பிரிண்டரில் கறுப்பு மை தீர்ந்தது.
வெர்லீன் டப்ஸ் சொன்னாள்:
"நீலத்தில் அடி.
நீலம் கூடாதென்று எங்கும் போடவில்லை.
நாற்பத்தாறு பக்கமும் படித்துவிட்டேன்."

ஒரு ஆளை வெல்டராக்கப் பதினான்கு வாரம்.
போன வருஷம் தலைக்கு
நாலாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு டாலர்.
கொலம்பஸ் கம்பெனி
நாலாயிரத்து இருநூறுக்கு முடித்துவிடுமாம்.
அவர்களிடம் பட்டறை கிடையாது,
காணொளிகள் இருக்கின்றன.

ஆகவே வெட்டினோம்.
இரும்புமுனை பூட்ஸ், நூற்றுப் பதினெட்டு.
ஆனைக்குப் பணம் கட்டிவிட்டு
அங்குசத்துக்குப் பேரம் பேசுகிறோம் என்றேன்.
வெர்லீன் பதில் சொல்லவில்லை.
பஸ் பாஸ், வாரம் பதினெட்டு;
பதினான்கால் பெருக்கினேன், வெட்டினேன்.
பிறகு பின்னறையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்
ஃபத்வா ஹத்தாத்.
தலைக்கு இருநூற்று நாற்பத்தேழு.
பேனா எங்கே போனதென்று தெரியவில்லை.
மேசையில் கிடந்தது ஃபத்வாவின் கிரையான் டப்பா.
ஊதா நிறத்தில்
அவள் வரியை அடித்தேன்.

மணி ஒன்றே கால்.
கடைசிப் பக்கம், அட்டவணை ஏழு:
வேலையில் தொண்ணூறு நாள் நீடித்தவர்கள்.
ஆம் என்றால் ஒன்று, இல்லை என்றால் சுழியம்.
ஆர்மண்ட் பெட்வே, கண்ணாடித் தொழிற்சாலை,
எண்பத்தெட்டாவது நாள் நின்றுவிட்டான்.
மகளுக்குச் சிறுநீரகம். மருத்துவமனை நாற்காலியில்
பன்னிரண்டு ராத்திரி.
திரும்பிப் போனபோது அவன் இடத்தில் வேறொருவன்.
"இரண்டு நாள்தானே," என்றேன்.
என் விரல் ஒன்றாம் எண்ணின் மேல் நின்றது.
வெர்லீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்,
மாட்டிக்கொண்டாள், மறுபடி கழற்றினாள்.
"சுழியம் போடு."
விளக்கத்துக்கு ஒரு கட்டம் இருந்தது,
நாற்பது எழுத்து கொள்ளும் கட்டம்.
மகள். மருத்துவமனை. ஓடவில்லை.
அவ்வளவுதான் இடம்.

மேயர் அலுவலக ஆள் உறைகளைக் கிழித்தான்.
மூன்றே உறைகள்.
ஒருவர் நகல் நாலுதான் வைத்திருந்தார், தள்ளிவிட்டார்கள்.
கொலம்பஸ், நாலாயிரத்து இருநூற்று நான்கு.
நாங்கள், நாலாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றைந்து.
ஒன்பது டாலரில் ஜெயித்தோம்.
கொலம்பஸ்காரன் எழுந்து வந்து கைகுலுக்கினான்.
நல்ல மனுஷன்; கையுறையைக் கழற்றிவிட்டுத்தான் குலுக்கினான்.
லிஃப்டில் வெர்லீன் கேட்டாள்:
"ஃபத்வாவிடம் யார் சொல்வது?"
எட்டு மாடி இறங்கும்வரை
இருவரும் எண் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மார்ச் முதல் திங்கள், பனி விட்டபாடில்லை.
நாற்காலி இருபது, வந்தவர்கள் ஒன்பது.
வருகை எண்பது சதவீதத்துக்குக் குறைந்தால்
தவணைப் பணம் நிற்கும்.
அது பக்கம் முப்பத்தொன்று.

இப்போது காலை ஆறரைக்கே
வெர்லீனின் பழைய ப்யூக் கிளம்பிவிடுகிறது.
டோர் தெரு, பிறகு ஆற்றுக்கு அந்தப்பக்கம்,
பிறகு மறுபடி டோர் தெரு.
ஒரு நடைக்கு நாலு பேர், மடியில் பிள்ளையோடு ஐந்து.
பூட்ஸ் இல்லாதவர்கள்
காலை வாசல் கம்பளத்தில் அதிக நேரம் தேய்க்கிறார்கள்.
பின்னறையில் ஃபத்வா இருக்கிறாள்.
ஏன் வருகிறாள் என்று நாங்கள் கேட்கவில்லை,
அவளும் சொல்லவில்லை.
ஊதா கிரையானைக் காணோம் என்றாள் ஒருநாள்.
என் டிராயரில்தான் இருக்கிறது.

காலாண்டு அறிக்கையை நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.
பெட்ரோல் என்று எங்கும் ஒரு கட்டம் இல்லை.
இதர என்று ஒன்று இருந்தது,
இந்த வருஷம் அதையும் எடுத்துவிட்டார்கள்.