அக்குளில் வைத்த சாவி

கெமியார்வி. ஜனவரி. மைனஸ் முப்பத்தொன்று.

உர்போவின் கதவில் சாவித்துளை கிடையாது.
என் கைபேசிதான் சாவி.
என் கைபேசி என்றால்
போன ஏப்ரலில் தவணைக்கு வாங்கியது,
இன்னும் பதினான்கு தவணை பாக்கி.

"உங்களிடம்தான் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே,
இரண்டாவதை எதற்குச் சுமக்க வேண்டும்?" என்றது அலுவலகம்.
என் தோள்மீது அவ்வளவு கரிசனம்.
ஆறு இலக்கத்தில் பூட்டு வைக்கச் சொன்னார்கள், வைத்தேன்.
தொலைந்தால் இங்கிருந்தே அனைத்தையும் அழிப்போம் என்றார்கள்.
'அனைத்தையும்' என்பதற்கு எதிரே ஒரு சின்னக் கட்டம்.
அதில் விரல் வைத்தேன்.

அப்புறம் என் படங்களுக்குள்
ஒன்னியின் பல் விழுந்த சிரிப்புக்கும்
காட்டில் பொறுக்கிய காளான் கூடைக்கும் நடுவே
திருமதி ஸைமாவின் குதிகாற்புண்
(அளவு தெரிய, பக்கத்தில் ஒரு யூரோ நாணயம்)
வந்து உட்கார்ந்துகொண்டது.
"அம்மா, இது என்ன பழம்?" என்றான் ஒன்னி.
மாதுளை என்று சொல்லிவிட்டேன்.
இப்போது அவன் மாதுளை தின்பதில்லை.

இன்று காலை ஏழு பத்து, இன்னும் இருட்டு,
உர்போவின் படியில் நிற்கிறேன்.
திரை ஒருமுறை இமைத்தது.
நாற்பத்தாறு சதவீதம் என்றிருந்ததை
குளிர் ஒரே மடக்கில் குடித்துவிட்டது.

ஊசி போடாமல் அவர் ரொட்டியைத் தொட மாட்டார்.
கட்டிலிலிருந்து கதவுக்கு ஒன்பது அடி.
அவர் அதை நடந்து இரண்டு வருடம்.

தபால் துளையைத் தள்ளிக் கூப்பிட்டேன்.
"உர்போ, நான் தைமி."
"உள்ளே வாயேன்."
"கதவு திறக்காது. போன் செத்துவிட்டது."
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு,
"யாருடைய போன்?"

நின்ற இடத்தில் எனக்குப் பதில் தெரியவில்லை.
மின்சாரம் என் சமையலறையுடையது.
விரிசல் என்னுடையது,
அக்டோபரில் இவருடைய குளியலறைத் தரையில் விழுந்தது.
விரிசலுக்கு அடியில் தெரியும் பெயர்கள் அவர்களுடையவை.
எண்பது யூரோ கேட்டு எழுதினேன்.
'கருவி தங்களுடையது' என்று பதில் வந்தது,
அதே கருவியில்.

கோட்டின் இரண்டு பொத்தானைக் கழற்றி
கம்பளிக்கும் பனியனுக்கும் உள்ளே
தோலோடு தோலாக
இடது அக்குளில் செருகினேன்.
உறைந்த மீன்துண்டுபோல் ஒட்டியது.
காய்ச்சல்மானி வைத்த பிள்ளை மாதிரி
கையை ஒடுக்கி, பல்லைக் கடித்து நின்றேன்.

உர்போ நேற்றைய ஹாக்கி ஆட்டத்தை
தபால் துளை வழியே சொல்லத் தொடங்கினார்.
அவர் குரலோடு
ஒரு விரல் அகலத்துக்குச் சூடும் வந்தது.
கன்னத்தை அதில் வைத்துக்கொண்டேன்.
இரண்டாம் கோல்வரை அசைவில்லை.
மூன்றாவதில் அக்குள் அதிர்ந்தது.

எடுத்துப் பார்த்தால், கதவு அல்ல:
'புதுப்பிப்பு தயார். இப்போதா, இரவிலா?'
இரவில் என்று அழுத்தினேன்.
நான் தூங்கும்போது தலையணைக்குப் பக்கத்தில்
அவர்கள் வேலை பார்க்கட்டும்.

கதவு கிளிக் என்றது.
கூடவே, 'தாமதம் பதினொரு நிமிடம். காரணம்?'
வாகனம். வானிலை. பிற.
வானிலையைத் தொட்டுவிட்டு
போனை அவர் போர்வைமேல் போட்டு
ஊசியை எடுத்தேன்.

"என்ன பெண்ணே, கை இப்படிச் சில்லிட்டிருக்கிறது"
என்று சட்டையை உயர்த்தினார்.
மற்றக் கையால் போனைத் தடவிப் பார்த்தார்.
"இது மட்டும் வெதுவெதுப்பாக இருக்கிறதே."