ஒச்சம்மாள், சுகம்

என் உயிர் மேல் இருநூறு ரூபாய் போட்டிருந்தார்
கீழமாசி வீதி பருப்பு மண்டித் தவசிக்கனி.
முப்பத்தெட்டில். எனக்கு ஐந்து வயது.
ஆரப்பாளையத்தில் எங்கள் வரிசையைக் காலரா
வழித்துக்கொண்டு போனபோது
என்னை மட்டும் துப்பிவிட்டுப் போயிருந்தது.
“கெட்டி உயிரு, அதுலயும் பொட்டப்புள்ள” என்றாராம் தரகர்,
மாட்டுக்குப் பல் பிடிப்பதுபோல
என் வாயைத் திறந்து காட்டி.

இருபது வியாபாரிகள், இருபது பிள்ளைகள்.
பிள்ளை இருக்கும்வரை போட்டவருக்கு வட்டி.
பிள்ளை போனால் அவர் பங்கு மற்றவர்களுக்கு.
கடைசிப் பிள்ளைக்காரருக்கு முதல் முழுவதும்.
பிள்ளைகளுக்கு?
வருஷம் ஒரு படி பேரீச்சம்பழம்.
யாராவது செத்த வருஷம்
படி கொஞ்சம் தலைதட்டாமல் வரும்.

சித்திரை ஒன்றாம் தேதி கணக்கர் சைக்கிளில் வருவார்.
மைப்பெட்டி திறப்பார். பெருவிரல் வைப்பேன்.
“ஒச்சம்மாள், சுகம்” என்று சொல்லியபடி எழுதுவார்.
எழுத்தறியாத எனக்கு
அந்தக் கடைசி வார்த்தையின் உருவம் மட்டும் தெரியும்.

வைகையில் வெள்ளம் பார்க்கப் போனால் மண்டிக்குத் தகவல் போகும்.
இருமினால் கஷாயம் வரும்.
கல்யாணம் என்றதும் ஆள் வந்தது:
பிள்ளைப்பேற்றில் பெண்ணுயிர் நிற்காது, பொறுக்கலாமே.
பொறுக்கவில்லை.
வலி கண்ட ராத்திரி வாசலில் ஜட்கா.
எர்ஸ்கின் ஆஸ்பத்திரி, பெரிய டாக்டர், எல்லாம் மண்டிச் செலவு.
நான் பிழைத்தேன்.
பிள்ளையின் பெயர் எந்தப் பேரேட்டிலும் இல்லை.
பத்தாம் நாள் சித்திரை பிறந்தது.
பால் வற்ற மார்பில் மல்லிகை கட்டியிருந்தேன்.
கணக்கருக்கு வாசம் போயிருக்கும்.
குனிந்து எழுதினார்,
இந்த முறை சொல்லாமல்.

மில்லில் நூல் சுற்றிய காலத்தில்
ஒவ்வொருவராகப் போனார்கள்.
உசிலம்பட்டிப் பையன் பாம்பு கடித்து,
திருமங்கலத்துப் பெண் கிணற்றில்.
மிஞ்சியது நானும் மேலூர் சிக்கந்தரும்.
ஒருநாள் பெரியார் பஸ் நிலையத்தில் தேடிப்பிடித்து
“நீங்கதானா அந்த ஒச்சம்மா?” என்றார்.
டீ வாங்கித் தந்தார், தனக்குச் சர்க்கரை இல்லாமல்.
“நம்ம ரெண்டு பேருமே சாக வேணாம்மா,
பேரனுங்க காத்துக் கெடக்கட்டும்.”
டீ புரையேறச் சிரித்தோம்.
என் நெஞ்சைத் தட்டிவிட யாரும் மண்டியிலிருந்து வரவில்லை,
அவர்தான் தட்டினார்.

எண்பத்தேழு ஆவணியில் சிக்கந்தர் முந்திக்கொண்டார்.
தவசிக்கனி பேரனுக்கு முதல் கிடைத்தது, நாலாயிரம்.
“பாதி ஸ்கூட்டர்கூட வராதே” என்றாராம்.

அடுத்த சித்திரை ஒன்றுக்குக்
கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு
பதினோரு மணிவரை வாசலில் நின்றேன்.
பிறகு அடுப்புக்கரியைக் குழைத்து
அரிசிப் பானைக்கு மேலே சுவரில் வைத்தேன் பெருவிரலை.
பக்கத்தில் அந்த வார்த்தையையும் வரைந்தேன்.
வால் கொஞ்சம் நீண்டுவிட்டது.

இந்த வருஷத்தோடு ஆறு.
சிக்கந்தருக்கும் ஒன்று வைக்கிறேன்,
மற்றக் கைப் பெருவிரலால்.