நாற்பத்து மூன்று

ஊலு நகரில் நவம்பர் என்றால்
மூன்றரைக்கே இருட்டிவிடும்.
தபால் பிரிக்கும் வேலை முடிந்து
நான் நேரே போவது கிர்ப்பிஸுக்கு.
முன்பு டயர் கிடங்காக இருந்த பழம்பொருள் சந்தை;
ரப்பர் வாசனை இன்னும் சுவரை விடவில்லை.

அங்கே விற்பவர் எதிரே நிற்கமாட்டார்.
வார வாடகைக்கு ஓர் அலமாரி பிடித்து
தன் கையாலேயே விலைச்சீட்டு எழுதி ஒட்டிவிட்டுப்
போய்விடுவார்.
பேரம் கிடையாது. சீட்டுதான் பேசும்:
"ஆயிரம் துண்டுப் புதிர்ப்படம். ஏரியில் ஒரு துண்டு இல்லை."
"வாஃபிள் சட்டி. சூடாகும். சில சமயம் ரொம்ப."
"பனிச்சறுக்குக் கட்டை, ஒற்றை. காரணம் கேட்காதீர்கள்."

கால் காசு செலவில்லாமல்
ஊரார் வீட்டு அலமாரிக்குள்ளெல்லாம் தலைவிட்டுப் பார்க்கலாம்,
திருட்டுப் பட்டம் வாங்காமல்.

என் வம்பு பாதத்தில்.
நீளம், ஒடுக்கம், நாற்பத்து மூன்று.
பெண்கள் வரிசை நாற்பத்தொன்றோடு நின்றுவிடும்.
ஆண்களுடையது அகலம்; போட்டு நடந்தால்
செருப்பு ஒரு நடை, உள்ளே கால் ஒரு நடை.
புதுக் கடைகளில், சிப்பந்திப் பெண்கள்
உள்ளே போய்த் தேடிவிட்டு
துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போல் திரும்புவார்கள்.
செருப்புக்காகக் காலை வெட்டுவார்களா?
பதினாறு வயதில்
நான் அதைக் கொஞ்சம் யோசித்திருக்கிறேன்.

அன்றைக்கு, நூற்றுப் பதினெட்டாம் அலமாரி, அடித்தட்டு,
மெழுகுவத்தித் தண்டுக்குப் பின்னால்
சிவப்புத் தோலில் ஒரு ஜோடி.
"43. ஒடுக்கம். இடது குதி தேய்ந்தது. 9 யூரோ."
கால் விட்டேன்.
யாரோ முன்னாலேயே வந்து
எனக்கு இடம் போட்டு வைத்திருந்தார்கள்.
சுண்டுவிரலுக்கு ஒரு குழி.
பெருவிரல் முட்டிக்கு ஒரு மேடு.
எனக்கும் இடது குதிதான் முதலில் தேயும்.

கல்லாவில் ரௌனி கேட்டாள், சரியா இருக்கா?
எனக்குப் பேச்சு வரவில்லை.
போட்டுக்கொண்டே போகிறேன் என்று
காலைக் காட்டினேன்.

அப்புறம் வாரம் தவறினதில்லை.
கம்பளி வைத்த வீட்டுச் செருப்பு, நாய்ப்பல் பதிந்தது.
ஐஸ் ஸ்கேட், "போன மாதம்தான் சாணை பிடித்தேன்".
கான்வாஸ் ஷூ, புல் கறையோடு.
வெள்ளி நிறத்தில் குதியுயர்ந்த ஒன்று:
"ஒரே கல்யாணம். ஒரே நடனம். 6 யூரோ."
ஏன் ஒரே நடனம் என்று
மூன்று நாள் தூக்கம் கெட்டது.

இந்த ஊரில் இன்னொருத்தி இருக்கிறாள்.
பஸ்ஸில் நான் முகங்களைப் பார்ப்பதை விட்டேன்.

வாங்கிக்கொண்டே இருப்பது
கடன் ஏறுவது மாதிரி இருந்தது.
செப்டம்பரில் நூற்றுப் பத்தொன்பதை
நானே வாடகைக்கு எடுத்தேன்.
இத்தாலியிலிருந்து வரவழைத்து, ஒரு சம்பளமே கரைந்த
என் பச்சை பூட்ஸை வைத்தேன்.
சீட்டை நாலு தடவை கிழித்து எழுதினேன்:
"43. ஒடுக்கம். வலது அடியில் கண்ணாடி கீறிய தழும்பு.
ஒழுகாது. 11 யூரோ."

மூன்றாம் நாள் தட்டு காலி.
வாங்கினது யார் என்று ரௌனியிடம் கேட்கவில்லை.
அந்தப் பதினொன்றில்
காபியும் ஏலக்காய் பன்னும் வாங்கி
நின்றபடியே தின்றேன், விரலை நக்கிக்கொண்டு.

நேற்று முதல் பனி.
சந்தை வாசலிலிருந்து வெளியே போகிறது
புத்தம்புது அடித்தடம்.
வலது அடிகளில் மட்டும்
குறுக்கே ஒரு கோடு.
ஒன்றில் என் காலை வைத்துப் பார்த்தேன்.
இம்மி பிசகவில்லை.

தடம் பஸ் நிறுத்தத்துப் பக்கம் திரும்புகிறது.
ஓடினால் பிடித்துவிடலாம்.
மூச்சு வாங்க நின்று,
பெயர் கேட்டு, நடனத்தைப் பற்றிக் கேட்டு...

ஆனால் அவள் இப்போதுதான் வெளியே போகிறாள் என்றால்
நூற்றுப் பதினெட்டில்
இப்போதுதான் எதையோ வைத்திருக்கிறாள்.

கதவைத் தள்ளி
உள்ளே ஓடினேன்.