ஆறு கலர்த் தீவு

முதல் சட்டம் நீலம்:
வானமும் கடலும் ஒரே இழுப்பில்.
இரண்டாவது மலை. கடலுக்குள்ளிருந்து
நட்டுக்குத்தலாக எழுந்த இரண்டு கூம்பு.
மூன்றாவது மலைமேல் காடு.
நான்காவது மணல்.
ஐந்தாவது அருவி. வெள்ளை பேஸ்ட் கெட்டி,
ரப்பரை அழுத்தி இரண்டு தரம் இழுக்க வேண்டும்.
ஆறாவது கறுப்பில் ஒரு படகு, ஒரு தென்னை,
தென்னை மேல் என்னவோ பறவை,
அடியில் ஊர்ப் பேர்.

செயின்ட் லூசியா என்று
எழுத்துக் கூட்டிப் படித்தான் சுதர்சன்.
மேசைக்கு அந்தப் பக்கம் சட்டம் பிடிப்பவன்,
ஒடிசாவில் கடலோர ஊர் அவனுக்கு.
"கடல் இந்தக் கலர் இருக்காது" என்றான்.
நான் ரப்பரை இழுத்தேன்.

நாலாயிரத்து எண்ணூறு பீஸ்.
கப்பலில் வருகிறவர்கள் ஒரு பகல் இறங்குவார்களாம்.
அருவி பார்ப்பார்களாம்.
எரிமலை வாய்ப் பக்கம் வரைக்கும் காரிலேயே போய்
கந்தகம் கொதிக்கும் குழியை எட்டிப் பார்த்து
சூட்டுச் சேற்றை மேலெல்லாம் பூசிக் குளிப்பார்களாம்.
கப்பல் ஊதுவதற்குள்
பார்த்ததற்குச் சாட்சியாக
ஒரு பனியன் வாங்குவார்களாம்.
மெர்ச்சன்டைசர் சிந்துஜா சொன்னது.
அவளும் போனதில்லை.

மூன்றாவது சாம்பிளும் திரும்பி வந்தது.
பச்சை பத்தவில்லை.

கலர் மாஸ்டர் நாச்சிமுத்து
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
"இதுக்கு மேல என்றகிட்டப் பச்சை இல்லீங்" என்றார்.
காங்கயத்துப் பக்கம் அவருக்கு.
கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்
மழை பெய்தால் மூன்று மாசம் காட்டும் பச்சை,
அப்புறம் ஒன்பது மாசம் வைக்கோல் நிறம்.
சிந்துஜா போனில் படம் காட்டினாள்.
அங்கே அந்த மலையில் மழை ஓயாதாம்.
வெகுநேரம் பார்த்தார்.
"அப்ப ஆடு எங்கீங் மேயும்?"

ராத்திரி ஷிப்டில் யாரும் கேட்காமல்
அரை ஸ்பூன் நீலம் சேர்த்தார்.
அந்தப் பச்சை பாஸானது.

ஒரு வியாழக்கிழமை, தூக்கக் கலக்கம்,
ஐந்தாவது சட்டத்தைத் தலைமாற்றி வைத்துவிட்டோம்.
நாற்பத்து மூன்று பனியனில்
அருவி மணலில் கிளம்பி
மலையைத் தாண்டி வானத்துக்குப் போனது.
சூப்பர்வைசர் கத்தினார்.
எங்கள் வாரச் சம்பளத்தில் ஆளுக்கு
முந்நூறு பிடித்துக்கொண்டு
காதர்பேட்டைக்கு எடைக்குப் போட்டார்.

ஆடி பதினெட்டு கழிந்த ஞாயிறு
ஏழு பேர் கொடிவேரிக்குப் போனோம்.
கோபி பஸ்ஸில் நின்றுகொண்டே,
அப்புறம் சத்தி பஸ்ஸில் படிக்கட்டில்.
டிக்கெட் கவுண்டரிலிருந்தே மீன் வாசம்.
சட்டியில் சிவப்பாக மிதக்கும் ஜிலேபிக் கெண்டை,
எண்ணெயில் ஊறிய பேப்பர் தட்டு,
காணாமல் போன குழந்தைக்கு மைக்கில் அறிவிப்பு,
ஈரத் துணி மாற்ற இடமில்லாமல்
ஒருத்திக்கொருத்தி சேலை பிடித்து நிற்கும் பெண்கள்.
தடுப்பணையின் நீளத்துக்கு
பவானி விழுந்துகொண்டிருந்தது,
தோளோடு தோள் இடித்து
தண்ணீருக்கு முதுகைக் கொடுத்து
ஜனம்.

சுதர்சன்தான் முதலில் பார்த்தான்.
கனத்த ஆள், கண்ணை இறுக மூடி,
வயிற்றோடு ஒட்டிய ஈரப் பனியனில்
எங்கள் தீவு.
அவர் முதுகில் தண்ணீர் கீழே வர
நெஞ்சில் அருவி மேலே போய்க்கொண்டிருந்தது.

வெளியே வந்ததும் கேட்டேன்:
"ஏனுங், இது எந்த ஊருங்?"
பனியனை இழுத்துப் பிடித்துக் குனிந்து பார்த்தார்,
இப்போதுதான் முதல் தடவை பார்ப்பவர் மாதிரி.
"தெரியலீங். காதர்பேட்டைல நூத்துக்கு ரெண்டு."
காதில் புகுந்த தண்ணீரைத் தட்டிவிட்டு,
"தண்ணி மேல போற ஊருன்னா
நல்ல ஊராத்தான் இருக்கும்" என்றார்.

சிரித்தது யார் என்று நினைவில்லை.
முந்நூறு ரூபாய் அப்போது நினைவுக்கு வந்தது.

அவர் போனை என்னிடம் கொடுத்தார்,
அணை தெரிகிற மாதிரி ஒரு போட்டோ.
எடுத்தேன். கண்ணை மூடிவிட்டார் படத்தில்.
இன்னொன்று எடுக்கட்டுமா என்றதற்கு
மீன் ஆறிப்போயிரும் என்று
நடந்துவிட்டார்.
பச்சை மட்டும்
அந்த ஈரத்தில்
நாச்சிமுத்து கேட்டால் நம்பாத அளவுக்கு இருந்தது.